விளையாடத் தரை கேட்கும் பெண்கள்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைச் சாலையில் நடக்கும் பெண்ணை யாரும் "எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்பதில்லை. நள்ளிரவு தாண்டியும் நடக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம்வரை 14 கிலோமீட்டர். தனியாக வருகிறவர்கள் உண்டு, தோழிகளோடு வருகிறவர்கள் உண்டு, கைக்குழந்தையோடு வருகிறவர்களும் உண்டு. மற்ற இரவுகளில் அதே பெண்கள் தங்கள் ஊரில் தெருமுனைக் கடைக்குப் போகவும் துணை தேட வேண்டியிருக்கும். கிரிவலப் பாதையோரம் பூக்கட்டுகிற பெண்ணையும் சுக்குக்காப்பி விற்கிற பெண்ணையும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது பிழைப்பு. ஆக, வேண்டுதலுக்கும் பிழைப்புக்கும் நம் ஊரில் பெண்ணுக்கு வீதி உண்டு. விளையாட்டுக்கு உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்க ஸ்கேட்போர்டு என்ற நான்கு சக்கரப் பலகையைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. அதில் ஏறி நம் ஊரில் யாரும் வேலைக்குப் போவதில்லை, தண்ணீர் சுமப்பதில்லை, சந்தைக்குப் போவதில்லை. விழுவதும் எழுவதும் மறுபடி ஏறுவதும்தான் அதில் இருக்கிறது. மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகை, அடியில் இரண்டு உலோக அச்சுகள், நான்கு சிறு சக்கரங்கள். இதைப் பார்த்து ஒரு தமிழ்த் தாயோ பாட்டியோ "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான்: ஒரு பிரயோஜனமும் இல்லை, சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை நம் பெண்பிள்ளைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

சக்கரமும் பெண்ணும் என்று பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரவேண்டிய ஊர் புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் வேகமெடுத்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்துக் கற்பிப்பதோடு சைக்கிள் கற்பிப்பதையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் ஒன்றாக சைக்கிளில் வந்து புதுக்கோட்டை நகரையே நிறைத்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கையிருப்பு தீர்ந்துபோய், ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கி ஓட்டியவர்களும் இருந்தார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே மேல் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பலரும் ஏறிய அந்தச் சக்கரம், பேருந்துக்காகவும் ஆண்துணைக்காகவும் காத்திருந்த நேரத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு அரசும் இந்த வழியில்தான் நடந்தது. பள்ளி மாணவிகளுக்கு விலையில்லா மிதிவண்டி வந்தது. 2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியமாகத் தரும் திட்டம் வந்தது. 2021 மே மாதத்தில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இவை ஒவ்வொன்றும் பெரிய காரியம், குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது: படிப்பு, வேலை, மருத்துவமனை, சந்தை. காரணமில்லாமல் உருள்வதற்கு எந்தத் திட்டமும் இல்லை.

அப்படிக் காரணமில்லாமல் உருண்ட ஒரு தமிழ்ச் சிறுமியை உலகம் பார்த்தது. அவர் கமலி மூர்த்தி, ஊர் மாமல்லபுரம்.

ஸ்கேட்போர்டு பிறந்த வழியும் மாமல்லபுரத்துக்கு வந்த வழியும் ஒன்றுதான். 1950களில் கலிபோர்னியாவில், அலை இல்லாத நாட்களில் அலைச்சறுக்கு வீரர்கள் நிலத்திலும் சறுக்க ஆசைப்பட்டு மரப்பலகைக்கு அடியில் சக்கரம் மாட்டினார்கள். மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் மீனவர் குடும்பத்துப் பையன்கள் அலைப்பலகையைக் கற்றுக்கொண்டார்கள், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சக்கரப் பலகையும் வந்தது. கமலிக்குத் தாய்மாமன் சந்தோஷ் மூர்த்தி கடலிலும் தரையிலும் கற்றுத் தேர்ந்தவர். அவர் வழியாகவும், ஊரோடு பழகிய வெளிநாட்டுத் தோழிகள் வழியாகவும் கமலியின் கைக்குப் பலகை வந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்கேட்போர்டு வீரர் ஜேமி தாமஸ் மாமல்லபுரம் வந்தபோது, கவுன் போட்ட அந்தச் சிறுமி வெறுங்காலோடு சரிவில் இறங்குவதைப் படம் எடுத்துப் பகிர்ந்தார். டோனி ஹாக் அதை மேலும் பரப்பினார். ஸ்கேட்போர்டு உலகில் டோனி ஹாக் என்றால் கிரிக்கெட்டில் டெண்டுல்கர் என்பது போன்ற பெயர்.

பிறகு பிரிட்டனில் இயங்கும் இயக்குநர் சாஷா ரெயின்போ மாமல்லபுரம் வந்தார். 'கமலி' என்ற அவருடைய ஆவணப்படம் அரை மணி நேரத்துக்கும் குறைவானது. அதில் இரண்டு பயணங்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. மகள் தன் முதல் போட்டிக்குக் கிளம்புகிறாள். தனி ஆளாய் நின்று பிள்ளை வளர்த்த தாய் சுகந்தி ஒரு புனிதப் பயணம் கிளம்புகிறார். படத்தின் உயிர் இந்தப் பின்னலில்தான் இருப்பதாக நினைக்கிறேன். தாயின் தலைமுறைக்கு வீட்டை விட்டுத் தனியே வெளியே வர சாமிதான் வழி. மகளின் தலைமுறைக்கு அந்தச் சாக்கு தேவைப்படவில்லை. ஆனால் அந்த மகளைப் பலகையில் ஏற்றிவிட்டது வேண்டுதலுக்காக நடந்த அதே தாய்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. "பொம்பளப் புள்ள விழுந்து கைகால் உடைச்சிக்கிட்டா நாளைக்கு யார் கட்டிக்குவா?" என்று கேட்கும் ஊரில் ஒரு தாய் தன் மகளை விழ அனுமதிப்பது சாதாரணமல்ல. விழாமல் இந்த விளையாட்டைக் கற்கவே முடியாது. நம் பெண்பிள்ளைகளுக்கு நாம் பிறந்ததிலிருந்து கற்பிப்பதோ விழாமல் இருக்க மட்டும்தான்.

2020 பிப்ரவரியில் லண்டனில் நடந்த பாஃப்டா விருது விழாவில், பிரிட்டிஷ் குறும்படப் பிரிவின் இறுதிப் பட்டியலில் 'கமலி' இருந்தது. அதே பட்டியலில் காபூல் சிறுமிகள் ஸ்கேட்போர்டு கற்பதைப் பற்றிய இன்னொரு படமும் இருந்தது. விருது காபூல் படத்துக்குப் போனது. சில நாட்களில் ஆஸ்கரும் அதற்கே கிடைத்தது. ஒரே ஆண்டில், ஒரே பிரிவில், ஆசியாவின் இரண்டு மூலைகளில் பலகை ஏறிய சிறுமிகள்! இது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. காபூலில் ஸ்கேட்டிஸ்தான் என்ற அமைப்பை ஆஸ்திரேலியரான ஆலிவர் பெர்க்கோவிச் 2007இல் தொடங்கினார். அங்கே பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதை ஊர் ஏற்கவில்லை. ஸ்கேட்போர்டு ஓட்டக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பொருளையே யாரும் பார்த்ததில்லை. அந்த இடுக்கில் நுழைந்து சிறுமிகள் வந்தார்கள். ஆனால் அவர்கள் தெருவில் நிலைக்கவில்லை. 2009இல் சுவரும் கூரையும் உள்ள கூடம் ஒன்று எழுந்து, பெண்களுக்கென்று தனி நாட்களும் பெண் ஆசிரியர்களும் வந்த பிறகுதான் எண்ணிக்கை கூடியது. 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பியதும் அந்தத் தரை அவர்கள் காலடியிலிருந்து போய்விட்டது.

தரை. பெண்களின் ஸ்கேட்போர்டு வரலாற்றை எந்த நாட்டில் தொட்டாலும் இந்தச் சொல்லிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவையே பார்க்கலாம்.

1965 மே 14 தேதியிட்ட 'லைஃப்' இதழின் அட்டையில், ஓடும் பலகைமேல் தலைகீழாய்க் கைகளில் நிற்கும் ஓர் இளம்பெண்ணின் படம் வந்தது. பேட்டி மெக்கீ. அமெரிக்காவின் தேசிய மகளிர் பட்டத்தை வென்றவர், ஸ்கேட்போர்டைத் தொழிலாகக் கொண்ட முதல் பெண். ஆக, இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே பெண் இருந்தார், அதுவும் நாட்டின் மிகப் பெரிய இதழ்களில் ஒன்றின் அட்டையில். அப்போது சக்கரங்கள் களிமண் கலவையில் செய்யப்பட்டவை. ஒரு சிறு கல் தட்டினாலும் பலகை நின்றுவிடும், ஏறியவர் முகம் குப்புற விழுவார். பல நகரங்கள் இந்த விளையாட்டையே தடை செய்தன.

1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்தார். அது தரையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. கலிபோர்னியாவின் வறட்சியில் வற்றிய நீச்சல் குளங்களுக்குள் பிள்ளைகள் சறுக்கினார்கள். தொடர்ந்து காசு கட்டி நுழையும் கான்கிரீட் ஸ்கேட்பார்க்குகள் வரிசையாக எழுந்தன. இந்தக் காலத்தில் பெண்கள் நிறைய வந்தார்கள். கலிபோர்னியாவின் டாக்டவுன் பகுதியில் இயங்கிய செஃபிர் ஸ்கேட்போர்டுக் குழுவில் ஒரே பெண்ணாக பெக்கி ஓக்கி இருந்தார். லோரா தார்ன்ஹில் பெயரில் லோகன் எர்த் ஸ்கி நிறுவனம் பலகையே வெளியிட்டது. அது பார்பரா லோகன் என்ற தாயும் அவருடைய பிள்ளைகளும் சேர்ந்து நடத்திய குடும்ப நிறுவனம். மகள் ராபினும் ஸ்கேட்போர்டில் பெயர் பெற்றவர்.

பிறகு 1980ஐ ஒட்டி ஸ்கேட்பார்க்குகள் மூடப்பட்டன. விபத்துக் காப்பீட்டுச் செலவை உரிமையாளர்களால் தாங்க முடியவில்லை. விளையாட்டு எங்கே போனது? பையன்களின் வீட்டுக் கொல்லையில் கட்டிய மரச் சரிவுகளுக்கும், இரவு நேரத்து வாகன நிறுத்துமிடங்களுக்கும் போனது. அடுத்தவர் கொல்லைக்குள் நுழைய அழைப்பு வேண்டும். இரவுத் தெருவில் நிற்க ஒரு பெண்ணுக்கு என்னென்ன வேண்டும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பத்தாண்டில் பெண்கள் பிரிவுப் போட்டிகள் பெரும்பாலும் காணாமல் போயின. ஆர்வம் குறைந்ததால் பெண்கள் விலகினார்கள் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. நுழைவுச் சீட்டு வாங்கி யாரும் உள்ளே வரக்கூடிய பொதுத்தரை இருந்தவரை பெண்கள் இருந்தார்கள். பொதுத்தரை போனபோது முதலில் வெளியே போனவர்களும் அவர்களே.

காரா-பெத் பர்ன்சைடின் வாழ்க்கை இதை நன்றாகக் காட்டுகிறது. 1989இல் 'த்ராஷர்' என்ற ஸ்கேட்போர்டு இதழின் அட்டையில் வந்த முதல் பெண் அவர். அவ்வளவு திறமை இருந்தும் ஸ்கேட்போர்டில் அவருக்குப் போட்டிகளும் வருமானமும் போதவில்லை. பனிச்சறுக்குப் பலகையில் ஏறினார். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக நான்காம் இடம் பிடித்தார். பிறகு ஸ்கேட்போர்டுக்கே திரும்பி, மிமி கனூப் முதலியோரோடு சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார். 2005இல் எக்ஸ் கேம்ஸ் போட்டியில் முதலிடம் பெற்ற ஆணுக்கு 50,000 டாலர், பெண்ணுக்கு 2,000 டாலர். சங்கமாக நின்று பேசியதால் சில ஆண்டுகளில் அந்த வேறுபாடு போய்ச் சமத்தொகை வந்தது. தனித்தனியாய்க் கெஞ்சியிருந்தால் வந்திருக்காது.

பரிசுத் தொகை மட்டும் போதுமா என்றால், இந்தத் தொழிலின் கணக்கு வேறு. ஸ்கேட்போர்டில் நிலையான வருமானம் பெயர் பொறித்த பலகையிலிருந்து வருகிறது. ஒரு நிறுவனம் உங்கள் பெயரில் பலகை விற்றால், விற்கும் ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு ஒரு பங்கு. யார் பெயரைப் பொறிப்பது என்று தீர்மானிப்பவர்கள் நெடுங்காலம் ஆண்கள். பெண் பெயரில் பலகை போட்டால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். எலிசா ஸ்டீமர் போன்ற ஒரு சிலர்தான் அந்த வேலியைத் தாண்டினார்கள். 1999இல் வந்த டோனி ஹாக் வீடியோ விளையாட்டில் இடம்பெற்ற ஒரே பெண் அவர்.

அதனால்தான் பெண்கள் சொந்தமாக நிறுவனம் தொடங்கியதை இந்த வரலாற்றின் மையமாக நான் பார்க்கிறேன். 1996இல் நியூயார்க்கில் கேத்தரின் லயன்ஸும் எல்ஸ்கா சாண்டரும் 'ரூக்கி' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பர்ன்சைடும் கனூப்பும் 'ஹூப்லா'வைத் தொடங்கினார்கள். பேட்டி மெக்கீயேகூட, அட்டைப்படம் வந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, தன் மகளோடு சேர்ந்து 'ஒரிஜினல் பெட்டி' என்ற நிறுவனத்தை நடத்தினார். 2024 அக்டோபரில் அவர் மறைந்தார். இவர்களில் லிசா விட்டேகர் என்னை அதிகம் ஈர்க்கிறார். அவர் பெரிய வீராங்கனையாகப் பெயர் வாங்கியவர் அல்லர், கேமரா பிடித்தவர். பெரிய நிறுவனங்கள் எடுக்காத பெண்களின் ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் படமாக்கி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். படம் எடுத்துக்கொண்டே இருந்தவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருக்கும்: திறமைக்குப் பஞ்சமில்லை, அதற்குப் பலகை தருகிறவர்தான் இல்லை. 2012இல் 'மியாவ் ஸ்கேட்போர்ட்ஸ்' தொடங்கி அந்தப் பெண்களின் பெயர்களைப் பலகையில் பொறித்தார். அவர் ஆதரித்த மரியா டுரான் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் ஆடினார். டோக்கியோவில் ஸ்கேட்போர்டுக்கு ஆண்கள் 40 பேர், பெண்கள் 40 பேர். சரிபாதி இடம் கொடுத்தவுடன் என்ன நடந்தது என்று உலகம் பார்த்தது. 13 வயது மோமிஜி நிஷியா தங்கம், 13 வயது ரைசா லியல் வெள்ளி.

அந்த ரைசா லியலைக் கமலியின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரேசிலின் வடகிழக்கில் இம்பெராட்ரிஸ் என்ற ஊரில், 2015இல், ஏழு வயது ரைசா நீலநிறத் தேவதை உடையில் படிக்கட்டைத் தாண்டிக் குதித்த வீடியோவையும் டோனி ஹாக்தான் பகிர்ந்தார். இரண்டு சிறுமிகள், இரண்டு கவுன்கள், உலகத்தின் ஒரே விரல் இருவரையும் சுட்டியது. ரைசாவுக்குப் பின்னால் பார்க்குகளும் போட்டிகளும் விளம்பர நிறுவனங்களும் உள்ள நாடு இருந்தது. ஆறே ஆண்டில் ஒலிம்பிக் மேடை. கமலி இன்று நாட்டின் முன்னணி அலைச்சறுக்கு வீராங்கனைகளில் ஒருவர். 16 வயதுக்கு உட்பட்டோர் பிரிவிலும், வயது வரம்பில்லாத மகளிர் பிரிவிலும் பட்டங்கள் வென்றவர். பெருமைப்பட வேண்டிய உயரம் அது. ஆனாலும் அவர் உயர்ந்தது ஏன் கடலில் என்று யோசிக்க வேண்டும். கடலுக்கு யாரும் சிமென்ட் பூச வேண்டியதில்லை. அலைக்குக் கூட்டமைப்பு இருக்கிறது, போட்டித் தொடர் இருக்கிறது, 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்துக்கு வந்தது. பர்ன்சைட் பனிக்குப் போனதுபோல, கமலிக்குக் கடல் கிடைத்தது. கடலில்லாத ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

இந்தியாவில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பெங்களூரின் அதீதா வர்கீஸ். தன் நகரில் பலகை ஏறிய பெண் ஏறக்குறைய அவர் ஒருவரே என்ற காலத்தில் தொடங்கி, 2015இல் 'கேர்ள் ஸ்கேட் இந்தியா'வை உருவாக்கினார். அந்த ஆண்டின் இறுதியில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 12 பெண்கள் அவரோடு இந்தியாவைச் சுற்றி வந்தார்கள். ஊர் ஊராய் ஆடிக் காட்டினார்கள், சிறுமிகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அவர் ஓட்டுவதோடு நிற்கவில்லை என்பது முக்கியம். ஹோலிஸ்டோக்ட் என்ற ஸ்கேட்போர்டுக் குழுவோடு சேர்ந்து, கையில் கொலுறு பிடித்து, சிமென்ட் பூசி, பார்க் கட்டும் வேலையும் செய்தார். சரிவின் வளைவு எப்படி இருக்க வேண்டும் என்று அறிந்த பெண் தரையைத் தானே போடுவது, பெயர் பொறித்த பலகைக்கு நிகரான அதிகாரம்.

இன்னொன்று மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் உள்ள ஜன்வார் கிராமம். ஜெர்மானியரான உல்ரிக்கே ரைன்ஹார்ட் 2015இல் அங்கே ஒரு ஸ்கேட்பார்க் கட்டினார். ஆதிவாசிகளும் யாதவர்களும் விலகி வாழ்ந்த ஊர். அவர் வைத்த விதிகள் இரண்டே: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். பலகை கேட்டு ஒரு பெண் வந்தால் பையன் இறங்கிக் கொடுக்க வேண்டும். கோண்டு இனத்தைச் சேர்ந்த ஆஷா கோண்டு அந்தப் பார்க்கில்தான் கற்றார். 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காக நின்றார். இப்போது பேர்ஃபுட் ஸ்கேட்போர்டர்ஸ் என்ற அமைப்பின் வழியே தன் ஊர்ப் பிள்ளைகளோடு வேலை செய்கிறார். 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஸ்கேட்டர் கேர்ள்' படம் தங்கள் கதையைப் போலவே இருக்கிறது என்று ஜன்வார் தரப்பு சொன்னது. இயக்குநர் மஞ்சரி மகிஜானி தரப்பு மறுத்தது. அந்த வழக்காடலில் இறங்க எனக்கு விருப்பமில்லை. படப்பிடிப்புக்காக ராஜஸ்தானின் கெம்பூர் கிராமத்தில் கட்டிய ஏறத்தாழ 15,000 சதுர அடிப் பார்க் படம் முடிந்த பிறகும் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று நின்றது. எனக்கு அதுவே பெரிய செய்தி.

உடை பற்றி ஒரு வார்த்தை. பேன்ட் போட்டால்தான் இதெல்லாம் முடியும், நம் பெண்களுக்கு ஒத்துவராது என்று சொல்லக் கேட்கிறோம். பொலிவியாவின் கோச்சபம்பா நகரில் 'இமில்லா ஸ்கேட்' குழுப் பெண்கள் தங்கள் பாட்டிமார் உடுத்திய அகன்ற பாவாடையோடுதான் பலகை ஏறுகிறார்கள். டொரண்டோவில் வாழும் இந்திய வம்சாவளியினரான ஊர்பி ராய், நாற்பதைத் தாண்டிய வயதில் கற்று, சேலை கட்டியும் சறுக்குகிறார். 'ஆன்டி ஸ்கேட்ஸ்' என்று தனக்கே பெயர் சூட்டிக்கொண்டார். கமலியின் கவுனை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், உடை ஒரு தடையே இல்லை என்பது தெரியும். தலைக்கவசமும் முழங்கால் காப்பும்தான் விட்டுவிடக் கூடாதவை.

தொடங்கிய ஊருக்கே திரும்புகிறேன். திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. இந்த ஊரில் ஒரு ஸ்கேட்பார்க் வேண்டும் என்று நான் கேட்கிறேன். வெளிநாட்டார் வந்து தங்கும் ஊர் என்பதற்காக இல்லை. ஆண்டெல்லாம் பெண்களின் காலடி படும் ஊர் இது, அந்தக் காலடிக்கு விளையாட ஓரிடம் வேண்டும். பக்தித் தலத்தில் இதென்ன கூத்து என்பவர்கள் கோயிலின் வடக்குக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கலாம். 171 அடி உயரமுள்ள அதை ஊரே அம்மணி அம்மன் கோபுரம் என்றுதான் அழைக்கிறது. முடியாமல் நின்றிருந்த கோபுரத்தை அம்மணி அம்மாள் என்ற துறவிப் பெண் வீடு வீடாய்ப் போய் நிதி திரட்டிக் கட்டி முடித்தார் என்பது இந்த ஊர் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. கையில் காசில்லாத ஒரு பெண் கணக்கெழுதி, ஆள் வைத்து, கல்லும் சுதையும் சேர்த்த நிர்வாகம் அது. பெண் தலைமையில் ஒரு பெருங்காரியம் நடப்பதற்கு முன்னுதாரணம் தேடி நியூயார்க் போக வேண்டியதில்லை.

பார்க் என்றால் பூங்காவின் மூலையில் நாலு சிமென்ட் மேடு என்று எண்ணிவிடக் கூடாது. அப்படிக் கட்டினால் ஒரே மாதத்தில் அது பையன்களின் இடமாகிவிடும். இந்த ஊர் வெயிலில் கான்கிரீட் காலை ஒன்பது மணிக்கே கொதிக்கும், மாலை ஐந்துக்குப் பிறகுதான் கால் வைக்க முடியும். எனவே விளக்கு வேண்டும். விளக்கில்லாத பார்க் பெண்பிள்ளைகளுக்கு மூடிய பார்க்தான். பூட்டுள்ள கழிப்பறை வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், கூட வரும் அம்மாவோ ஆயாவோ உட்கார நிழலில் திண்ணை வேண்டும். ஜன்வாரின் முதலிட விதியை அறிவிப்புப் பலகையில் எழுதி வாசலிலேயே மாட்ட வேண்டும். தரை போடும் மேஸ்திரிக்குப் பக்கத்தில், அந்தத் தரையில் விழுந்து எழுந்த ஒரு பெண் நின்று வளைவைச் சொல்ல வேண்டும்.

அதை நடத்தும் பொறுப்பு மகளிர் சுய உதவிக் குழு ஒன்றிடம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்கள் சேமிப்பு, கடன், சிறு உணவகம், தையல் என எத்தனையோ தொழில்களை நடத்திப் பழகியவை. ரூக்கியும் மியாவும் அமெரிக்காவில் எந்தக் காரணத்துக்காகப் பிறந்தனவோ அதே காரணம் இங்கும் பொருந்தும்: சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவருடைய பிள்ளைகள் முதலில் உள்ளே வருவார்கள். பலகையின் விலை பெரிய தடை, உண்மைதான். நல்ல பலகை பெரும்பாலும் இறக்குமதி. ஆனால் நம்மில் பலர் சொந்தமாக வாங்கியா சைக்கிள் கற்றோம்? தெருமுனைக் கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு, விழுந்து எழுந்து கற்றோம். அதே நோட்டு இங்கேயும் போதும். இருபது பலகை, இருபது தலைக்கவசம், முழங்கால் காப்புகள், பேரிங்கைக் கழற்றி எண்ணெய் விடத் தெரிந்த இரண்டு பெண்கள். அரை மணிக்கு இவ்வளவு என்று குழுவே கூடி விலை வைக்கட்டும். பள்ளி மாணவிகளுக்கு வாரத்தில் இரண்டு மாலை இலவசமாக இருக்கட்டும். பௌர்ணமியன்று மட்டும், கிரிவலக் கூட்டத்தை உத்தேசித்து, பார்க்கைச் சற்று முன்னதாகவே மூட வேண்டியிருக்கும்.